வெற்றுத்தாளில் முதல் கையெழுத்து

எங்கள் நகர் தென்காசியிலிருந்து இலஞ்சி போகிற வழியில் இருக்கிறது. நாற்பது வீடுகள், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு குடியிருப்போர் நலச்சங்கம். பணி ஓய்வுக்குப் பிறகு இங்கே வீடு கட்டிக் குடிவந்தபோது, சங்கம் என்பது பொழுது போகாதவர்கள் கூடி டீ குடிக்கிற இடம் என்றுதான் நினைத்தேன். அந்த ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைத்துக்கொண்டு தெருவுக்குள் தண்ணீர் வந்தது. சங்கச் செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் தண்ணீரில் நின்று, யார் யாருக்கோ போன் போட்டு ஜேசிபியை வரவழைத்தார். சாயங்காலத்துக்குள் தண்ணீர் வடிந்தது. நான் தனியாகக் கத்தியிருந்தால் ஒரு மண்வெட்டிகூட வந்திருக்காது. அதிலிருந்து கூட்டங்களுக்குத் தவறாமல் போனேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் கோயில் ஷெட்டில் கூட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தீர்மானப் புத்தகம் முதலில் சுற்றி வரும். பக்கம் காலியாக இருக்கும், கீழே எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். பேசியதைச் செயலாளர் வீட்டில் போய் உட்கார்ந்து மேலே எழுதிக்கொள்வார்.

“அண்ணாச்சி, முதல்ல ஒரு கையெழுத்தப் போட்டுருங்க. எழுதுறத நான் பொறவு எழுதிக்கிடுதேன்” என்பார் என்னிடம். வயதில் மூத்தவன் என்பதால் புத்தகம் முதலில் எனக்குத்தான் வரும். அலுவலகத்தில் ஒரு வரி படிக்காமல் எதிலும் பேனா வைக்காதவன் நான். இங்கே சூடான உளுந்த வடையைக் கடித்துக்கொண்டே போட்டேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சீசன் வந்தால் எங்கள் நகரிலும் சிலர் மாடியை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவார்கள். இந்த ஆனியில் ஒரு வேன் என் கேட்டை அடைத்துக்கொண்டு மூன்று நாள் நின்றது. என் காம்பவுண்டுச் சுவர் முழுக்க அதில் வந்தவர்களுடைய ஈரத் துண்டுகள். எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, “இது குடியிருக்கிற இடமா, லாட்ஜா?” என்று சத்தம் போட்டேன். கைதட்டல் பலமாக இருந்தது. “கவனிச்சிருவோம் அண்ணாச்சி” என்றார் செயலாளர். என் கையெழுத்து ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது.

இரண்டு நாளில் வாட்ஸ்அப் குழுவில் தீர்மானத்தின் படம் வந்தது. சீசன் மாதங்களில் உரிமையாளரின் குடும்பத்தினர் தவிர வேறு யாரும் எந்த வீட்டிலும் இரவு தங்கக் கூடாது, ஏகமனதாக நிறைவேற்றம். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தி அனுப்பினேன்.

எங்கள் எதிர் வீட்டில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் இருக்கிறார். அவரோடு பட்டாளத்தில் இருந்த நண்பர் ராயகிரிக்காரர், மனைவி இல்லாதவர். ஆடி மாதம் முழுக்க மகளோடு வந்து ஹவில்தார் வீட்டு மாடியில் தங்குவார். வாடகை கிடையாது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பல வருஷமாக யாரோடும் பேசுவதில்லை. வைத்தியம் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வருஷத்தில் அந்த ஒரு மாதம், தினமும் அருவியில் நின்று குளித்து வந்தால், அவள் நன்றாகத் தூங்குகிறாள், முகம் தெளிகிறது என்பார்கள். போன ஆடியில் மாடி ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்து, “மழை வருதா?” என்று கேட்டாள். அவள் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அன்று அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

இந்த ஆடி பிறந்து ஒரு வாரம் ஆகியும் மாடி ஜன்னல் திறக்கவில்லை. “ராயகிரிக்காரங்களை இன்னும் காணோமே?” என்று ஹவில்தாரிடம் கேட்டேன்.

“வர வேண்டாம்னு சொல்லிட்டேன் அண்ணாச்சி. தீர்மானம் போட்டாச்சுல்லா.”

“அது வாடகைக்கு விடுறவங்களுக்குப் போட்டது.”

“அப்படி எழுதலையே. வேற யாரும் தங்கக் கூடாதுன்னுல்லா இருக்கு. முதல் கையெழுத்தே உங்களதுதான்.”

குத்திக்காட்டவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தே பழகிய மனிதர், உள்ளதைச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். “அவுகளுக்கு மட்டும் விட்டா, நாளைக்கு வேன்ல வாரவன் எல்லாம் ஃப்ரெண்டுன்னு சொல்லுவான் அண்ணாச்சி. அடுத்த கூட்டத்துல வைப்போம்” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் கத்தாமல் திரும்பி வந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கூட்டத்துக்குள் ஆடி பாதி போய்விட்டது. புத்தகம் வந்ததும் பேனாவை மூடி வைத்தேன். “முதல்ல எழுதுங்க, பொறவு போடுதேன்” என்றேன். “அண்ணாச்சிக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று யாரோ முணுமுணுத்தார்கள். டீ ஆறியது. வாடகை வாங்கவில்லை என்று உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் அவருடைய விருந்தினர் தங்கலாம் என்று செயலாளர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஐந்து நிமிஷ வேலை.

ஹவில்தார் ஷெட்டுக்கு வெளியே போய் ராயகிரிக்குப் போன் போட்டார். நானும் பக்கத்தில் நின்றேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனைச் சட்டைப்பையில் வைத்தார்.

“ஆடி ஒண்ணாந்தேதியே பிள்ள பையக் கட்டிட்டாளாம் அண்ணாச்சி. பத்து நாளு வாசப்படியிலயே பையோட இருந்திருக்கா. பொறவு அவளே துணியெல்லாம் எடுத்து பீரோவுல வச்சிட்டாளாம். இப்பம் கூப்பிட்டா வர மாட்டேங்காளாம்.”

எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. தெரு சுத்தமாக, சத்தமில்லாமல் கிடந்தது. என் கேட்டுக்கு முன்னால் ஒரு வேனும் நிற்கவில்லை.