ஆவிக்கு ஒரு கதிரை

மலாயாவில் உத்தியோகம் பார்த்து, பென்சனோடு சண்டிலிப்பாய்க்குத் திரும்பிய அந்த மனிதரை ஊரில் எல்லோரும் 'ஆவி மாஸ்டர்' என்றே அழைத்தார்கள். ஆள் நெடுவல்; நிலைப்படியில் குனிந்துதான் நுழைவார். இறந்தவர்களை அழைக்க உட்காருமுன், வரும் ஆவி அமர வெறுங்கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு, அதைத் தன் சால்வையால் துடைத்துவிடுவார்.

"உது எங்கை தொடங்கினது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அமெரிக்காவிலை ரண்டு பெட்டையள் சுவரிலை தட்டுற சத்தம் கேட்டுத் தொடங்கினதாம். எங்கடை ஆக்கள் எட்டாம் நாள் எட்டுச் செலவெண்டு செத்தவருக்குப் பிடிச்சதைச் சமைச்சுப் படைக்கிறேல்லையே? அதுமாதிரித்தான். இஞ்சை சாப்பாடில்லை, கதை மட்டும்."

ஒரு ஞாயிறு மத்தியானம் என் பெரியம்மா அவரை வீட்டுக்கு அழைத்தார். பெரியப்பா உயிரோடிருந்தபோது ஒரே பிடியாக மறுத்த சம்பந்தம் ஒன்று அவர்களின் மகளுக்கு மறுபடி வந்திருந்தது. பெரியம்மா கதிரையைப் பார்த்துக் கேட்டார்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை அந்த நீர்வேலிப் பெடியனுக்குக் குடுக்கட்டே?"

கண்மூடியிருந்த மாஸ்டரின் வாயிலிருந்து பெரியப்பாவின் கரகரத்த குரல் வந்தது.

"ஓம், குடு."

பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார். குரல் விடைபெற்றது.

"அப்ப நான் போட்டு வாறன்."

பெரியம்மா துள்ளி எழுந்தார். "ஐயோ, வரவேண்டாம்! வந்தா உங்களுக்கு மனம் மாறிப்போடும். போங்கோ!"

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். "வெறுமனே 'போறன்' எண்டு சொல்லுறது மரியாதையே, தங்கச்சி?"

அப்படியானால் கதைத்தது அவரா, பெரியப்பாவா? எனக்கு இன்றும் விளங்கவில்லை.

புறப்பட்டவர் வாசல் படலையைத் திறந்துகொண்டு திரும்பி நின்றார். "நான் உயிரோடை இருக்கிறவன். போட்டு வாறன்."

"நீங்கள் வாங்கோ," என்றார் பெரியம்மா. "அவரைக் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."