பங்குக்கு ஒரு நோயாளி

டெய்லர் கீழே விழுந்ததற்குக் காரணம் பக்தி. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்களில், இன்றுவரை யாரும் இதைச் சொன்னதில்லை.

பீடத்துக்குப் பின்னால் புதுத் திரை மாட்ட வேண்டியிருந்தது. துணியை வெட்டி, மடிப்பு வைத்து, வளையம் தைத்ததெல்லாம் டெய்லர். "தைச்சவரே மாட்டினாத்தான் மடிப்பு ஒழுங்கா விழும்" என்று அவரையே ஏணியில் ஏற்றிவிட்டவர் மைக் அண்ணன். ஆறுதல் சங்கத்தின் தலைவர். அறிவிப்போ மன்றாட்டோ நன்றியுரையோ, மைக்கைக் கையில் வாங்கினால் திருப்பிக் கொடுக்க மனம் வராதவர் என்பதால் அந்தப் பெயர். ஏணியின் ஒரு காலை அவர் பிடித்துக்கொண்டார். மறு காலைச் சங்கத்து ஆள் ஒருவர் பிடித்துக்கொண்டார். டெய்லர் மேலே நின்று, வாயில் குண்டூசிகளைக் கவ்வியபடி கடைசி வளையத்தைக் கம்பியில் கோக்கிற நேரம் பார்த்து நண்பகல் மணி அடித்தது. மூவேளைச் செபத்துக்கான மணி. அது அடித்தால் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கைகூப்ப வேண்டும் என்பது அங்கே பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். இருவரும் விட்டுவிட்டுக் கைகூப்பினார்கள்.

ஏணிக்கு மட்டும் அந்தப் பக்குவம் வரவில்லை. சறுக்கியது.

"செபத்தை முழுசா முடிச்சிட்டுத்தான் மனுஷனைத் தூக்கினாங்க" என்று டெய்லரின் மனைவி சொல்வாள். அது மிகை. முதல் அருள்நிறை மரியே முடிந்ததுமே மைக் அண்ணன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டார். இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. குண்டூசி ஒன்றுகூடத் தொண்டைக்குள் போகவில்லை. இதை அற்புதம், புதுமை என்று அடுத்த ஞாயிறு மைக்கில் அறிவித்தார்கள். எலும்பைப் பற்றி 'இறைவனின் சித்தம்' என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

அதுவரை டெய்லர் என்றொருவர் இருப்பது பங்குக்குத் தெரியும், அவ்வளவுதான். இளவயதில் ஒரு தையல் மிஷினோடு வந்து இறங்கியவருக்கு, அப்போதிருந்த பங்குச் சாமியார் கோயில் மதிலோடு ஒட்டிய தெருப்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தார். சிறகும் கையும் உடைந்த சம்மனசுச் சிலைகளையும் மூக்குப் போன சூசையப்பரையும் போட்டுவைத்திருந்த அறை. வாடகை கிடையாது, கோயில் துணியெல்லாம் இவர் தைத்துத் தர வேண்டும். பேச்சு அவ்வளவுதான், அதுவும் வாய்ப்பேச்சு. தைத்தார். பீட விரிப்பு, பூசை உடுப்பு, பீடச் சிறுவர்களின் அங்கி எல்லாம் அவர் கை. விளிம்பு மடித்தால் நூல் பிடித்தாற்போல் நிற்கும். அதில் மட்டும் அவருக்குக் கர்வம் உண்டு. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூட அதைச் சொல்லாமல் விட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சு, செருப்புகளுக்குப் பக்கத்தில். எந்தக் குழுவிலும் அவர் பெயர் கிடையாது. அவர் வீடு கோயிலுக்குப் பின்சந்தில்தான் இருக்கிறது, பங்கிலிருந்து ஒருவரும் ஒரு நாளும் எட்டிப் பார்த்தது கிடையாது.

எலும்பு முறிந்த பிறகு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை.

இதற்கு ஒரு நியாயம் இருந்தது. பங்கில் இரண்டு சபைகள். பெண்களுக்கு இரக்க சபை, ஆண்களுக்கு ஆறுதல் சங்கம். ஒவ்வொரு வாரமும் ஏதாவது நற்செயல் செய்துவிட்டு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் பங்கு ஃபாதர் முன்னால் அதை அறிக்கையாகச் சொல்ல வேண்டும். நற்செயல் என்றால் நோயாளியைச் சந்திப்பது முதல் தரம். பங்கிலோ ஆரோக்கியம் அளவுக்கு மீறிப் போயிருந்தது. பக்கத்துப் பங்கில் பக்கவாதம் இரண்டு பேருக்கு. இங்கே ஒரு தலைவலிக்குக்கூட வழியில்லை. தனியாக இருந்த ஒரு விதவையை இரண்டு சபையும் மாறி மாறிப் போய்ப் பார்த்ததில், அவள் உள்ளே இருந்துகொண்டே வெளியே பூட்டுப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள். இப்படிப் பஞ்சம் தலைவிரித்தாடிய நேரத்தில்தான், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததுபோல், டெய்லர் விழுந்தார்.

செவ்வாய்க்கிழமை இரக்க சபை. தலைவி பெல் டீச்சர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பள்ளிக்கூடத்துக் கைமணியையும் கூடவே கொண்டுவந்துவிட்டவர். புதன்கிழமை ஆறுதல் சங்கம்.

"அசையாதீங்க, அசையாதீங்க" என்பார் பெல் டீச்சர், வாசல்படியிலேயே.

"டாக்டர் அசையச் சொல்லியிருக்காரு டீச்சர். எலும்பு கூடினதும் குச்சி வெச்சு நடக்கணுமாம். படுத்தே கெடந்தா அப்புறம் படுக்கைதானாம்."

"டாக்டர் உடம்பைப் பாக்கிறாரு. நாங்க ஆத்துமாவைப் பாக்கிறோம்."

"அந்த ஆத்துமாவைப் பாக்க வந்தவங்களுக்கு டீயில சர்க்கரை போடலாமா, வேணாமா?" என்பாள் மனைவி சமையலறையிலிருந்து. எட்டுப் பேருக்கு டீ என்றால் அன்றைக்குப் பால் அதோடு சரி. அவள் காஜா எடுத்து, பட்டன் தைத்து ஓட்டுகிற குடும்பம்.

முதல் வாரம் பெல் டீச்சர் உள்ளதை உள்ளபடி அறிக்கை வாசித்தார்: நோயாளி சற்றுத் தேறியிருக்கிறார். ஃபாதர் தலையசைத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார். பிறகு மைக் அண்ணன் எழுந்தார். "வலியில துடிச்சிட்டு இருந்தாரு ஃபாதர். நாங்க கையைப் பிடிச்சோம். அப்படியே அடங்கிட்டாரு." ஃபாதர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பெல் டீச்சர் இதைக் கவனித்தார். முப்பது வருடம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவருக்கு, மதிப்பெண் எங்கே விழுகிறது என்று தெரியாதா? அடுத்த வாரம் டெய்லருக்கு உணவு இறங்கவில்லை. புதன்கிழமைக்காரர்கள் சும்மா இருப்பார்களா, காய்ச்சல் வந்தது. டெய்லர் வீட்டில் முதல்முறையாகக் காலை ஊன்றி ஜன்னல்வரை நடந்த வாரம், அறிக்கையில் அவருக்கு நாக்குக் குழறியது.

அந்த ஞாயிறு அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். கோயில் ஒலிபெருக்கி சந்துக்கும் சேர்த்துத்தான் பேசும். மன்றாட்டு நேரம். "படுத்த படுக்கையாய், பேசவும் இயலாமல், தன் இறுதிச் சிலுவையைச் சுமக்கும் நம் டெய்லருக்காக..."

"என்னங்க, உங்களுக்குப் பேச்சு நின்னுபோச்சாமே?" என்றாள் மனைவி.

"யாரு சொன்னா?"

"மைக் அண்ணன். ஆண்டவர்கிட்டயே சொல்லிட்டிருக்காரு."

"அப்ப சரியாத்தான் இருக்கும். அவருக்குத் தெரியாததா."

சிரித்தார்கள். சிரிப்பு செவ்வாய்வரைகூடத் தாங்கவில்லை. மறுநாளே ஒருவர் வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பிக் கேட்டார். "பாவம், நீங்களே இந்த நிலையில..." என்று இழுத்தார். அடுத்து இன்னொருவர். தைத்து முடித்த கால்சட்டையைக்கூட, இறந்தவர் கைபட்டதாகிவிடும் என்று பயந்தவர்கள்போல் அவசரமாக வாங்கிக்கொண்டு போனார்கள். டெய்லர் "எனக்கு ஒண்ணுமில்லைங்க, பாருங்க, நிக்கிறேன்" என்றால், "கடைசி நேரத்துல அப்படி ஒரு தெம்பு வரும்" என்று மனைவியைத் தனியே அழைத்து எச்சரித்தார்கள்.

அதையும் பொறுக்கலாம். புதுநன்மை வருகிறது. முதல்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளின் வெள்ளைக் கவுனும் வெள்ளைச் சட்டையும்தான் டெய்லருக்கு வருடத்தின் பெரிய வேலை. மீதி மாதங்களை அதை வைத்துத்தான் தள்ள வேண்டும். அதற்கான ஞானோபதேச வகுப்பு முடிவதற்குள் கடைக் கதவு திறந்து அவர் மிஷின்முன் உட்கார்ந்திருந்தால் வேலை அவருக்கு. இல்லையென்றால் பிள்ளைகளின் தாய்மார்கள் ஆயத்த ஆடைக் கடைக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்ப மாட்டார்கள். டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து வாசல். செவ்வாயும் புதனும் மட்டும் ஓய்வு. அன்று வந்தவர்கள் நடக்க விடமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை குச்சியை ஒரு கையிலும் மனைவியின் தோளை ஒரு கையிலும் பிடித்துச் சந்தைத் தாண்டித் தெருப்பக்கம் வந்தார். கடைக் கதவு திறந்திருந்தது. மேலே புதுப் பலகை: நோயாளர் ஆறுதல் மையம். உள்ளே வெட்டுமேஜை இருந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மிஷின் மூலையில், மேலே ஒரு விரிப்பு, அதன்மேல் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுதிரி. பெல் டீச்சரும் மைக் அண்ணனும் ஃபாதரும் உட்கார்ந்து, வரும் வாரங்களில் நோயாளியை எப்படிப் பராமரிப்பது என்று ஆலோசித்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளி வாசலில் நின்றார்.

"யாரைக் கேட்டு எழுந்திரிச்சீங்க?" என்றார் மைக் அண்ணன். பாவம், வாயில் முதலில் வந்தது அதுதான்.

"இயேசுவுக்கே புகழ்!" என்று பெல் டீச்சர் சமாளித்தார்.

"ஃபாதர், என் கடை..." என்றார் டெய்லர்.

ஃபாதர் கெட்டவர் அல்ல. அறிக்கைகளை நம்புகிறவர். "நீங்க இனிமே எழுந்திருக்கவே போறதில்லைன்னு ரெண்டு சபையும் சொன்னாங்களே. உங்க நினைவாத்தான் இந்த மையத்தையே ஆரம்பிச்சோம்."

"நினைவா? இவரு இன்னும் சாகலையே ஃபாதர்" என்றாள் மனைவி.

"அது... வாஸ்தவம்தான்மா."

"அப்ப அறையைக் குடுத்திடுங்க. புதுநன்மை வேலை வருது."

ஃபாதர் நெற்றியைத் தடவினார். பலகை எழுதியாயிற்று. தீர்த்தம் தெளித்து மந்திரித்தாயிற்று. பக்கத்துப் பங்குச் சாமியார் அடுத்த மாதம் பார்வையிட வருகிறார். மையம் இருந்து நோயாளி இல்லை என்றால் எப்படி? நோயாளி இல்லாவிட்டால் சபைகள் திங்கட்கிழமை எதைச் சொல்லும்? பெல் டீச்சர் ஃபாதர் காதில் ஏதோ சொன்னார். மைக் அண்ணன் ஃபாதரின் மறு காதில் ஏதோ சொன்னார். இரண்டு சபையும் ஒரே கருத்தில் நின்றது பங்கின் வரலாற்றில் அதுவே முதல் முறை.

முடிவை மைக் அண்ணன் அறிவித்தார். அறையில் ஜன்னலோரப் பாதி டெய்லருக்கு. மிஷினை அங்கே போட்டுக்கொள்ளலாம். மீதிப் பாதி மையத்துக்கு. பதிலுக்கு டெய்லர் செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் வீட்டில் படுத்திருக்க வேண்டும்.

"படுத்து?" என்றாள் மனைவி.

"சும்மா படுத்திருந்தா போதும்மா. மீதியை நாங்க பாத்துக்குறோம்."

"எழுந்திரிங்க, போலாம்" என்றாள் அவள் கணவனிடம். அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். கண் மூலையிலிருந்த மிஷின்மேல் இருந்தது. பெல்ட் கழன்று தொங்கியது. சக்கரத்தின் மேல் மெழுகு வடிந்து உறைந்திருந்தது.

"மாதாவை இறக்கிக் குடுங்க" என்றார் கடைசியில். "எண்ணெய் போடணும்."

வீடு வந்து சேரும்வரை அவள் முன்னால் பார்த்தே நடந்தாள். தோளை மட்டும் கொடுத்தாள்.

இந்த ஏற்பாட்டைப் பங்கு ஜீரணித்த அழகு தனி. 'நடக்கிறாரே, கடையில உட்கார்ந்திருக்காரே' என்று கேட்டவர்களுக்கு, நடை வேறு, நோய் வேறு என்று பெல் டீச்சர் விளக்கினார். செவ்வாய் பிற்பகல் டெய்லர் கழுத்திலிருந்து அளவு நாடாவை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். படுப்பார். சபை வரும். முனகலும் நாளடைவில் நன்றாகவே வந்தது.

புதுநன்மைக்கு முந்தைய செவ்வாய் பெல் டீச்சர் தன் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்தார். கவுனுக்கு அளவு எடுக்க வேண்டும். டெய்லர் பழக்கத்தில் எழப் போனார். பெல் டீச்சரின் உள்ளங்கை அவர் மார்பில் வந்து அழுத்தியது.

"எழுந்திரிக்காதீங்க. இன்னிக்குச் செவ்வாய்."

"நின்னு எடுத்தாத்தான் டீச்சர் நீளம் சரியா வரும். கீழ் விளிம்பு..."

"படுத்தபடியே எடுங்க. சபை பாத்துட்டு நிக்குது."

"நாளன்னைக்குக் கடைக்குக் கூட்டிட்டு வாங்களேன், ரெண்டு நிமிஷ வேலை."

"அன்னைக்கு அவளுக்கு ஒத்திகை."

குழந்தையைக் கட்டிலோரம் நிறுத்தினார்கள். டெய்லர் படுத்தபடியே நாடாவை நீட்டினார். தோளைத் தொட்டார், இடுப்பைத் தொட்டார், பாதம் அவர் பார்வைக்கு எட்டவில்லை. குத்துமதிப்பாக ஓர் அளவு சொன்னார். சபை பரவசத்தோடு பார்த்தது. மனைவி சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புதுநன்மையன்று பெல் டீச்சரின் பேத்தி பீடம்வரை நடந்து போய்த் திரும்பினாள். கவுன் இடது பக்கம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து டெய்லருக்கு அது மட்டும்தான் தெரிந்தது. பூசை முடிந்ததும் குச்சியைத் தட்டிக்கொண்டு முன்னால் போனார்.

"டீச்சர், அதைக் கழட்டிக் குடுங்க. அஞ்சு நிமிஷத்துல பிரிச்சுச் சரி பண்ணிடுறேன்."

"தொடாதீங்க!" என்றார் பெல் டீச்சர். "அது சாட்சி."

சுற்றியிருந்த பெண்கள் அந்தக் கோணல் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். சாவுப் படுக்கையில் கிடந்துகொண்டு தைத்தது என்றார்கள். ஒருத்தி முத்தமிட்டாள். அடுத்த வருடம் தன் பிள்ளைக்கும் அதே மாதிரி வேண்டும் என்று இன்னொருத்தி அப்போதே சொல்லிவைத்தாள். டெய்லர் விளக்கிச் சொல்ல வாயெடுத்தார். மைக் அண்ணன் அவருக்குப் பேச்சு வராது என்று ஞாபகப்படுத்தினார்.

கடையில் இப்போது வேலைக்குக் குறைவில்லை. விளிம்பு கொஞ்சம் முன்பின் வந்தாலும் யாரும் திருப்பிக் கொண்டுவருவதில்லை. அவரும் பிரித்துத் தைப்பதில்லை. அவர் மனைவி மட்டும் தன் துணியை இரண்டு தெரு தள்ளி வேறொரு டெய்லரிடம் கொடுக்கிறாள்.