முதல் பனியை நம்பாதவர்

சோவெத்பெக் யாரையும் மதித்ததில்லை. அந்த வரிசையிலும் கடைசி இடம் நவம்பர் பனிக்கு.

"இதெல்லாம் ஒரு பனியா? வழுக்கைத் தலையில பூசின பவுடர்."

கராகோல் ஊருக்கு மேலே மலையில் இருந்த சின்னப் பனிச்சறுக்குத் தளத்தில் சரிவு அவர் பொறுப்பு. ஆட்களை மேலே இழுக்கும் கம்பியும் மோட்டாரும் அவர் மகள், பொறியாளர் சினாராவின் பொறுப்பு. காலையில் இருவரும் சரிவை மிதித்துப் பார்ப்பார்கள். அவர் வானிலை அறிவிப்பைத் திட்டுவார். அல்மாட்டி நகரத்திலிருந்து வரும் பளபளப்பு உடைக்காரர்களைத் திட்டுவார். மகள் கையிலிருக்கும் வெப்பமானியையும் விடமாட்டார்.

அந்த ஆண்டு பனி சீக்கிரமே விழுந்தது. பிறகு ஏரிப் பக்கமிருந்து வெதுவெதுப்பான காற்று, அதோடு மழை. நனைந்த பனியை ஒரே இரவின் கடுங்குளிர் இறுக்கிவிட்டது. விடிந்தபோது சரிவு கண்ணாடியாக மின்னியது. நடுவில் கற்கள் தலைநீட்டின.

அன்றுதான் திறப்பு. நிர்வாகி தாலாய் ஆட்டை வெட்டி, சம்பந்தி வீட்டாரையும் கூட்டி வந்திருந்தான். ஆட்டை வெட்டிவிட்டால் அன்றே திறந்தாக வேண்டும். வழக்கப்படி வேலையாட்களில் மூத்தவர், அதாவது சோவெத்பெக், முதலில் சறுக்குவார். விருந்தாளிகள் அவருக்குப் பின்னால்தான்.

"மூடு" என்றார் சோவெத்பெக்.

"அண்ணே, ஆடு வெட்டியாச்சு."

"வெட்டினா தின்னுங்க. சறுக்கணும்னு ஆடு சொல்லிட்டா செத்துச்சு?"

சம்பந்திகள் சிரித்தார்கள். தாலாயின் முகம் சுருங்கியது.

"வெயில் ஏறி மேல்தோல் இளகட்டும் சித்தப்பா. அதுவரைக்கும் நான் மோட்டாரைப் போடமாட்டேன்" என்றாள் சினாரா.

"போட வேணாம்மா. உங்கப்பாவுக்கு வயசாச்சு, பயம் வரத்தானே செய்யும். என் மகன் நடந்தே ஏறி முதல் சறுக்கு போகட்டும்."

"உன் மகனா? அவனுக்குச் சாப்பாட்டு மேசையிலயே வழுக்கும்." சோவெத்பெக் சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டார்.

"அப்பா, இப்பத்தானே மூடச் சொன்னீங்க?"

"உங்களுக்குச் சொன்னேன். எனக்கா சொன்னேன்?"

ஏறினார். மேலே நின்று தொப்பியை இறுக்கிக்கொண்டார். முதல் வளைவுகள் அழகாக வந்தன. நடுச்சரிவில் பலகை கல்லில் இடித்த சத்தம் கீழே வரை கேட்டது.

சினாராவால் தவழ்ந்துதான் ஏற முடிந்தது. அவர் இடது கால் இடுப்பிலிருந்து வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது. முகத்தில் வலியைவிட வெற்றிதான் அதிகம்.

"மூடுன்னு சொன்னேனா இல்லையா? அந்தக் கழுதையைக் கூப்பிடு, வந்து பார்க்கட்டும்."

தாலாய் சரிவை மூடினான். சம்பந்திகள் கறியை முடித்துவிட்டே கிளம்பினார்கள்.

இடுப்பெலும்பு முறிவு. படுக்கையில் கிடந்ததில் நுரையீரலில் சளி கட்டியது. டிசம்பரில் ஒருநாள் மருத்துவமனை ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டத் தொடங்கியது. அவர் அதை முறைத்தார்.

"இப்ப வந்து யாருக்கு?"

இரண்டு நாளில் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் சினாரா தனியாகச் சரிவில் ஏறினாள். இடுப்பளவு பனி, காய்ந்த பனி, அடிவரை உறுதி. குச்சியால் பல இடங்களில் குத்திப் பார்த்தாள். குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினாள். ஒன்றுமே கிடைக்கவில்லை.