தொடக்க விழாவில் ஒழுகிய தார்ப்பாய்

நேற்று டி.வி.யில் காட்டிய வெளிநாட்டு விளையாட்டுப் போட்டியின் தொடக்க விழா மழையில் நனையும் என்று நான் முன்பே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

இன்று புதுச்சத்திரம் டீக்கடையில் அதே பேச்சு. ஆற்றில் வீரர்களைப் படகில் அழைத்து வந்தது பிரமாதம், ஆனால் கூரை போடாமல் விழா நடத்தியது வீண் ஜம்பம் என்றேன். அங்கே வாத்தியக்காரர்களுக்கு மேல் மட்டும் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள்.

பக்கத்தில் தார்ப்பாய்க் கடை காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். என் வாய் சும்மா இருக்குமா?

"அது நம்ம பாய் கடைச் சரக்குங்க! ஓரத் தையலைப் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு."

பாய் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார்.

எதிர் பெஞ்சில் இருந்த லாரி ஓனர் குப்புசாமி தன் வண்டிகளுக்கெல்லாம் அவரிடம்தான் தார்ப்பாய் தைக்கச் சொல்லியிருந்தார். இதைக் கேட்டதும் குப்புசாமி எழுந்தே விட்டார்.

"ஏனுங்க பாய், அது ஒழுகி வயலின்காரம்மா தொப்பலா நனைஞ்சுதே! எனக்கும் அதையேதான் தைக்கறீங்களா? வேண்டாமுங்க, விட்டுருங்க."

"எங்க தார்ப்பாய் எப்பங்க கப்பல் ஏறுச்சு?" என்று பாய் எவ்வளவோ சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. என் சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு!

கிளம்பும்போது பாய் என் தோளைத் தட்டினார்.

"பெருமையாச் சொல்லணும்னுதானே சொன்னீங்க. விடுங்கண்ணே."

திட்டியிருந்தால் தேவலை. வீடு வரும்வரை தலை நிமிரவில்லை.

குப்புசாமி, பாயிடமே தைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கும் நண்பர்களே, நீங்களும் கமெண்டில் குப்புசாமிக்குச் சொல்லுங்கள்.

மழை வரும் என்று நான் சொன்னது சத்தியம். தையலைப் பார்த்த கதை மட்டும் என் கைச்சரக்கு.