செத்தே என்றால் ஏழு

மிஷன் வீட்டில் வேலை பார்ப்பவளுக்குப் பக்தி பிறகு வந்தாலும் பரவாயில்லை, முதலில் நல்ல காது வேண்டும். எனக்கு வாய்த்ததோ யாழ்ப்பாணக் காது. அந்நிய நாட்டில், அந்த நாட்டுக்கும் அந்நியமான இன்னொரு கூட்டத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்ட சகோதரிகளே, உங்களுக்கு இது விளங்கும். மகள் நித்திரையானபின் எழுதுகிறேன். பிழைகள் இருந்தால் அவள் இடையில் எழும்பினாள் என்று கொள்ளுங்கள்.

இருட்டுக்குள் ஒரு கூச்சல்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட்டில் மார்கழி மாதம் பின்னேரத் தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்கே இருட்டிவிடும். இத்தாலிய மிஷன் வீட்டின் மேல்மாடி அறைக்கு நானும் கைக்குழந்தையும் வந்து சேர்ந்த முதல் நாள் அது. அகதி முகாமில் இடமில்லை என்றார்கள். சிஸ்டர் ஆக்னேசே என்ற இத்தாலியக் கன்னியாஸ்திரி எங்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். இவர், அதாவது என் கணவர், இன்னும் கொழும்பில். “நீர் முதல் பிள்ளையோடை போம், நான் பின்னாலை வாறன்” என்று விமான நிலையத்தில் சொன்னவர். அந்தப் ‘பின்னாலை’ எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் என் முழுநேர வேலை. மிஷன் வேலை பகுதிநேரம்.

அந்த இருட்டில் கீழ் மண்டபத்திலிருந்து ஆண்கள் பலர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்: “செத்தே! செத்தே!” மேசையில் குத்து விழுந்தது. திரும்பவும் “செத்தே!” எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பு வெள்ளவத்தையில், பக்கத்து ஒழுங்கையில் கேட்ட கத்தல் எனக்குள் இன்னும் அடங்கியிருக்கவில்லை. பிள்ளையை அள்ளிக்கொண்டு உடுப்பு அலுமாரிக்குள் புகுந்து கதவை உள்ளிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டேன். ஜெர்மனியில் எவன் தமிழில் கத்துவான் என்று யோசிக்க அப்போது புத்தி வரவில்லை.

சூப்போடு வந்த சிஸ்டர் அலுமாரியைத் திறந்தார். கான்வென்ட் பழக்கம் விடுமா? அலுமாரிக்குள்ளேயே எழுந்து நின்று “குட் ஈவினிங், சிஸ்டர்” என்றேன். மேலே கம்பியில் தலை இடித்தது. கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார், அது ஒரு விளையாட்டு. ஆண்கள் எதிரெதிரே நின்று விரல்களை நீட்டுகிறார்கள். இரண்டு பேருடைய விரல்களையும் கூட்டினால் எத்தனை வரும் என்று நீட்டும்போதே கத்தவேண்டும். இத்தாலியர் பாஷையில் செத்தே என்றால் ஏழு. தன்னுடைய உடைந்த இங்கிலீஷில் சிஸ்டர் சொன்னார்: “பயப்பிடாதை பிள்ளை, தோத்தால்தான் இவங்கள் இப்பிடிக் கத்துவாங்கள். வெண்டால் இதைவிடக் கூட.”

நம்புகிறவர்களுக்கு மிஷனரி

எங்கள் கான்வென்டில் மிஷனரி என்றால் கப்பலில் வந்து எங்களைத் திருத்தப் பார்த்தவர்கள். நான் பாலர் வகுப்பிலிருந்து ஜெபமாலை சொல்லியும் சைவப் பிள்ளையாகவே வெளியே வந்தவள். இங்கே பார்த்தால் இத்தாலியருக்கு இத்தாலியிலிருந்தே மிஷனரி. எல்லாரும் தொழிற்சாலை வேலைக்கு வந்த சனம், பிறந்த நாளிலிருந்தே ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர்.

சிஸ்டர் வீடு வீடாகப் போவார், நான் தள்ளுவண்டியில் மகளோடு பின்னால். பிள்ளை பெற்றவளைப் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் ஜெர்மன் சாப்பாட்டைக் கண்டு அழுகிற கிழவருக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோவது, கோபித்துக்கொண்ட மச்சான்மாரை ஒரே வாங்குப் பலகையில் இருத்துவது, இவைதான் மிஷன் வேலை. அகதிக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே நான் செய்வது வேலை இல்லை, உதவி என்று வழியெல்லாம் எனக்குப் பாடமாக்குவார். ஒருநாள் ட்ராமில் கேட்டேவிட்டேன்: “ஏற்கெனவே கடவுளை நம்புற சனத்துக்கு மிஷனரி எதுக்கு, சிஸ்டர்?” அடுத்த தரிப்பு வரும்வரை யோசித்துவிட்டுச் சொன்னார்: “கடவுளை நம்புறது சுகம். ஞாயிற்றுக்கிழமை காலமை எழும்பத்தான் மிஷனரி வேணும்.”

போகும்போது சொல்கிற சொல்

காதுக்கு அடுத்த சோதனை வாசல்படியில். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் புறப்படும்போது பெண்கள் தள்ளுவண்டிக்குள் குனிந்து என் மகளின் கன்னத்தைக் கிள்ளி, முகம் நிறையச் சிரிப்போடு “சாவ்... சாவ்...” என்பார்கள். போய்வா என்று அர்த்தமாம். மூளைக்கு உடனே விளங்கியது, வயிற்றுக்கு விளங்கவில்லை. ‘போறன்’ என்றுகூடச் சொல்லக்கூடாது, ‘போட்டு வாறன்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள்.

பொறுக்க முடியாமல், பின்தெருவில் இருந்த அன்னா என்ற தென் இத்தாலிக் கலாப்ரியாக்காரியிடம் கையாலும் கண்ணாலும் அபிநயம் பிடித்து, என் பாஷையில் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கினேன். இத்தாலியர் கெட்டதைக் கேட்டால் இரும்பைத் தொடுவார்கள். அன்னா வாசல் இரும்புக் கேற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அடுத்த கிழமைக்குள் தெருவிலிருந்த இத்தாலியர் அத்தனை பேருக்கும் செய்தி போய்விட்டது. ஒருவரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. வேறு சொல்லும் தெரியாமல் படியில் வரிசையாக நின்று, தலையைக் குனிந்து, “ஆமென்” என்று எங்களை வழியனுப்பினார்கள். அன்னாவுக்கே தாங்கவில்லை, சிஸ்டரை மொழிபெயர்க்க வைத்துச் சொன்னார்: “இப்பதான் செத்தவீடு மாதிரி இருக்கு, பிள்ளை. பழையதையே சொல்ல விடு.”

கறுப்புப் பொட்டு

ஞாயிறு பூசைக்கு மகளைக் கொண்டுபோகுமுன் கண்மைப் பென்சிலால் கன்னத்தில் ஒரு பொட்டு வைப்பேன். அத்தனை பேர் தூக்கிக் கொஞ்சுகிற இடம், கண்ணூறு படாதா? கோயில் வாசலில் சிஸ்டர் கைலேஞ்சியை எச்சிலில் தொட்டு அதை அழித்துவிடுவார். ஊத்தை என்று நினைத்திருக்கிறார். அடுத்த ஞாயிறு நான் வைப்பேன், அவர் அழிப்பார். மரியாதை காரணமாக இருவரும் ஒன்றும் பேசவில்லை.

ஒருநாள் அன்னா பார்த்துவிட்டு, தன் கண்ணைத் தொட்டு, பிள்ளையைத் தொட்டு, விரலால் ஒரு கேள்வி போட்டார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான், கழுத்தைக் கட்டிக்கொண்டார். அவருடைய ஊரிலும் கண்ணூறு உண்டாம், எண்ணெயைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்களாம். சிறு மிளகாய் மாதிரி ஒரு சிவப்புக் கொம்பைக் கொண்டுவந்து மகளின் சட்டைக்கு உள்பக்கம் ஊசியால் குத்திவிட்டார். இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஞாயிறுதோறும் வகுப்பு வைப்பவர் சிஸ்டர். அவர் கண்ணிலேயே கொம்பு பட்டுவிட்டது. சட்டையை மெல்ல இழுத்து மூடிவிட்டுச் சொன்னார்: “கறுப்பு ஒண்டு, சிவப்பு ஒண்டு, கழுத்தில நான் போட்ட மாதா சுரூபம் ஒண்டு. இனி இந்தப் பிள்ளைக்குக் கிட்ட வாறதுக்குக் கடவுளும் அனுமதி கேக்க வேணும்.”

எந்த அண்ணா?

இவர் கொழும்பிலிருந்து மிஷன் தொலைபேசிக்கு எடுப்பார். ஒரு சொல்லைச் சொன்னால் அது கடலுக்குள் போய் ஊறித்தான் மறுபக்கம் வரும்.

“போன கிழமையும் எடுத்தனான். ‘புரொந்தோ’ எண்டு ஒரு மனுசி கத்திப்போட்டு வைச்சிட்டா. எங்கை போனனீர்?”

“அது இத்தாலியரின்ரை ஹலோ. நான் அன்னா வீட்டை போனனான்.”

கொஞ்ச நேரம் கடல் மட்டும் இரைந்தது. “எந்த அண்ணா?”

“இத்தாலி அன்னா.”

“உமக்கு இத்தாலியில ஆர் அண்ணா?”

“ஐயோ, அது பொம்பிளையப்பா” என்று நான் சொல்லி வாயை மூடுமுன் லைன் அறுந்தது. அந்தக் கடைசி வசனம் அவருக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ. எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு ஒருமுறை மட்டும் எடுத்தார், “வெளிக்கிடுறன்” என்று, புறப்படுகிற சேதியை ஒரு சொல்லில் சொன்னதோடு அந்த லைனும் அறுந்தது. நான் அழுதுகொண்டு போய், அதற்குள் படித்திருந்த அரைகுறை இத்தாலியனில் சொன்னபோது அன்னா மா பிசைவதை நிறுத்தவில்லை: “அடுத்த முறை என்னட்டைத் தா, நான் கதைக்கிறன். என்ர குரலைக் கேட்டால் ஆம்பிளை எண்டுதான் நினைப்பார், அதைப் பிறகு பாப்பம்.”

கோப்பிக்கு முன்னால்

ஈஸ்டரை ஒட்டி வீடு மந்திரிக்கிற காலம். அதற்காக ஒரு பாதர் வேறு ஊரிலிருந்து வருவார். அவர் தீர்த்தம் தெளிக்க, சிஸ்டர் ஜெபம் சொல்ல, தீர்த்த வாளி என் கையில். மந்திரித்து முடிந்ததும் விரல் அளவுக் கோப்பையில் தார் மாதிரிக் கோப்பி வரும். குடிக்காமல் போனால் வீட்டை மந்திரித்தது செல்லாது என்று நினைக்கிற சனம். பாதருக்கு இருதய வருத்தம். சிஸ்டருக்கு வயிற்றில் புண். இருவரும் புன்னகையோடு என்னைப் பார்த்தார்கள்.

மிஷனின் மானத்தைக் காக்க நான் குடித்தேன். வீட்டுக்கு வீடு குடித்தேன். கடைசித் தெருவுக்கு வந்தபோது வாளி தானாகவே ஆடித் தீர்த்தம் தெளித்தது. பாதருக்குக் கை ஓய்வு. வழியில் சிஸ்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “வேதசாட்சிகள் சிங்கத்துக்கு முன்னால நிண்டவை. நீ கோப்பிக்கு முன்னால நிண்டனி. மோட்சத்தில பக்கத்துப் பக்கத்து வாங்குதான்.”

மறதி

‘வெளிக்கிடுறன்’ என்றவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. மாஸ்கோ, கிழக்கு பெர்லின், பிறகு ரயில். நான் வந்த பாதைதான். அதில் எங்கே யார் மறிப்பார்கள் என்று எனக்கு மனப்பாடம். இரவு ஜெபம் முடிந்ததும் சிஸ்டர் முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவார். அவர் படுத்தபின் நான் வெறுங்காலோடு இறங்கி வந்து அதை எடுத்துவிடுவேன். நான் எவ்வளவு பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இவர் அழைப்பு மணியை அடிக்கவே கூச்சப்படுகிற மனுசர். பூட்டின கதவைக் கண்டு திரும்பிப் போய்விட்டால்? அந்தப் பயம் கள்ளர் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

காலையில் கதவு தாழ் போடாமல் கிடக்கும். சிஸ்டரின் முகம் நாளுக்கு நாள் வாடிக்கொண்டு வந்தது. கடைசியில் ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்தவரிடம் தாழ்ப்பாளும் கையுமாக அகப்பட்டேன். ஏசுவார் என்று நின்றேன். பெருமூச்சு விட்டுக்கொண்டு படியில் இருந்துவிட்டார்: “எனக்குத்தான் மறதி வந்திட்டுது எண்டு டொக்டரிட்டையும் போட்டு வந்தனான். இனிமேல் திறக்கிறதெண்டால் சொல்லிப்போட்டுத் திற, பிள்ளை.”

உப்பு

ஈஸ்டருக்குப் பிறகு வந்த ஞாயிறு. மண்டபம் நிறையச் சனம், மத்தியானச் சாப்பாடு. வாசலில் யாரோ ஒருவருடைய பெரிய கோட்டுக்குள் இவர் நின்றார். பாதியாக மெலிந்திருந்தார்.

“வந்திட்டன்” என்றார்.

“சாப்பிட்டீங்களோ?” என்றேன்.

அதற்கு மேல் இத்தனை பேருக்கு முன்னால் என்ன செய்வது? நாலு அடி தள்ளி நின்றேன்.  இத்தாலியர் விடுவார்களா? அன்னாவின் புருஷன் ஓடிவந்து இவருக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தார், பின்னால் வரிசையாக மற்றவர்கள். இவர் ஊசி போடக் காட்டுகிறவர் மாதிரிக் கண்ணை இறுக்கிக்கொண்டு நின்றார். முத்தம் கொடுக்காத ஒரே ஆள் நான். மண்டபத்தில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

சிஸ்டர் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டார். “இவர் ஆர்?”

“என்ர ஹஸ்பண்ட், சிஸ்டர்.”

“வடிவாத் தெரியுமோ?”

அவரைக் குறை சொல்ல முடியாது. இவருடைய பாஸ்போர்ட்டை வழியில் கூட்டிவந்த ஏஜென்ட் வாங்கிக்கொண்டுவிட்டான். மகளோ இவரைக் கண்டு வீரிட்டு அழுகிறாள். உறவில்லாத ஆண்பிள்ளை ஒருவரை மேல்மாடிக்கு விட்டால் சிஸ்டர் மடத்துக்குப் பதில் சொல்லவேண்டும். விடாவிட்டால் இவரை அன்றைக்கே வேறு ஊர் முகாமுக்கு அனுப்பவேண்டும். எத்தனையோ எல்லை தாண்டி வந்தவர் என் கட்டிலுக்கு நாலு படி கீழே மறிபட்டு நிற்கிறார். 

அதற்குள் அன்னா இவரை இருத்திப் பாஸ்தாவை மலையாகப் போட்டுவிட்டார். இவர் ஒரு வாய் வைத்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, வாய்க்குள், “உப்பு காணாது” என்றார். சொல்லி முடிக்குமுன் உப்பும் என் மிளகாய்த்தூள் போத்தலும் என் கையிலிருந்து அவர் கைக்குப் போய்விட்டன. “பிள்ளைக்கு மூக்கு ஒழுகுது. குளிரில கொண்டு திரிஞ்சனீரோ?”

“நீங்கள் முதல் சாப்பிடுங்கோ.”

என்ன பேசுகிறோம் என்று அன்னா கேட்டார். சமைத்தது அவர்; இருந்தாலும் பயந்து பயந்து உள்ளதைச் சொன்னேன். அன்னா மேசையில் ஒரு அடி அடித்தார்: “சிஸ்டர், மேல விடுங்கோ. உலகத்தைச் சுத்தி வந்து பெண்சாதியைத் தொடேல்லை, முதல் கதையே சாப்பாட்டில குறை. இது புருஷன்தான்.”

சிஸ்டர் சிரித்துவிட்டுத் தலையாட்டினார். சனம் போய் முடிய இருட்டிவிட்டது. மேலே மகளின் அழுகை நின்றிருந்தது. எட்டிப் பார்த்தேன், இவருடைய மீசையைப் பிடித்து இழுத்துச் சோதித்துக்கொண்டிருந்தாள். கீழே சிஸ்டர் முன்கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இனி ஆரும் வரவேணுமோ?”

“இல்லை, சிஸ்டர்.”

“அப்ப நீயே போடு.”

மிஷன் வீடு என்றால் கதவு எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று படித்தவர்கள் எல்லாரும் சொல்லித் தருகிறார்கள், அதைச் சாத்துவதில் இருக்கிற சுகத்தை ஒருவரும் சொல்லித் தராதபடியால் நானாகவே தாழ்ப்பாளை உள்ளிருந்து தள்ளிக் கண்டுபிடித்துக்கொண்டேன்.