பதினேழாம் தறியின் இரண்டாம் ஆள்

செய்தி வந்தபோது மணி மூன்றாக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. போனில் பங்காளியின் மகள்.

"மாமா, அப்பா போயிட்டாரு."

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டுப் படுத்தவர் எழவில்லையாம். "வரேம்மா" என்று இவர் போனை வைத்தார். கை தானாகத் துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தது. மில்லில் இருந்த முப்பத்தோரு வருடமும் அந்த நேரத்துக்குத் தறியைத் துடைத்துத்தான் அவருக்குப் பழக்கம். மூன்று மணிக்கு இரண்டாம் ஷிப்ட். பங்காளி வருவார்.

சொந்தத்தில் பங்காளி இல்லை. பதினேழாம் நம்பர் தறியில் காலை ஷிப்ட் இவர், மாலை ஷிப்ட் அவர். ஒரே தறியைப் பங்கு போட்டவர்கள் என்று மேஸ்திரி வைத்த பெயர் அது. இருபத்திரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தும், இருவரும் சேர்ந்து நின்றது தினம் மூன்று நிமிடம்தான். அதிலும் தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. சொல்ல வேண்டியதைத் தறியின் பக்கத் தகட்டில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போவார்கள். 'இடப்பக்கம் இழை அறுகிறது.' 'பார்த்துவிட்டேன்.' 'பொண்ணு பிறந்திருக்கு.' 'அப்பன் ஜாடை வராமல் இருக்கட்டும்.'

நானூறு தறியோடு ஆரம்பித்த மில். அதன் சங்குக்குத்தான் ஊரே எழுந்தது, குளித்தது, சாப்பிட்டது. பிறகு வெளியிலிருந்து மலிவுத் துணி வந்து குவிய, இருநூறு தறி நின்றது. அப்புறம் நூறு. கடைசியில் ஒரு ஷிப்ட் போதும், ஒரு தறிக்கு ஒரு ஆள் போதும் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். இருவரில் எவர் நெய்ததில் பழுது குறைவோ அவர் இருக்கலாம்.

யார் நெய்தது என்று கண்டுபிடிப்பது சுலபம். ஷிப்ட் முடியும்போது அவரவர் நிற நூலைத் துணியின் ஓரத்தில் ஊசியால் தைத்துவிட்டுப் போக வேண்டும். இவருக்கு நீலம், பங்காளிக்குச் சிவப்பு. நீல நூல் வரைக்கும் இவர் நெய்தது. அதற்குப் பிறகு உள்ளது பங்காளி நெய்தது.

அந்த மூன்று மாதத்தின் நடுவில் இவர் மனைவி இறந்துபோனாள். பதினோராம் நாள் வேலைக்கு வந்துவிட்டார். கண் துணியில் இருக்கும், மனம் இருக்காது. இழை அறுந்தது தெரியாமல் ஒரு முழம் ஓடிவிடும்.

ஒரு நாள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பங்காளி தறியின் முன்னால் குந்தியிருந்தார். நீல நூலை நறுக்கி எடுத்து, பழுது தொடங்கும் இடத்துக்கு முன்னால் கொண்டுபோய்த் தைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பழுதெல்லாம் இனி சிவப்பு நூலின் பக்கம். இவர் டப்பாவை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் தகட்டில் எழுதியிருந்தது: 'டப்பாவை விட்டுட்டுப் போயிட்ட. கழுவி வச்சிருக்கேன்.'

இவர் மேஸ்திரியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. அந்த மாதங்களில் தறிச் சத்தத்தை விட்டால் இவருக்கு வேறு துணை கிடையாது. மூன்று மாதம் முடிந்ததும் பங்காளிதான் வெளியே போய் ஒரு பள்ளிக்கூடத்து வாசலில் காவலுக்கு உட்கார்ந்தார். இவர் மில் மூடும் வரை இன்னும் ஒன்பது வருடம் அதே தறியில் நின்றார். தகட்டில் எழுத ஆள் இல்லை.

அதன் பிறகு ஞாயிறுதோறும் பங்காளி வீட்டுக்குப் போனார், அன்று பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான். ஆனால் மூன்று நிமிடத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும், எழுந்துவிடுவார்.

"சங்கு ஊதிட்டாங்களாண்ணே?" என்பாள் பங்காளியின் மனைவி.

போன வாரம் பங்காளியின் நாடா நாற்காலி கிழிந்து கிடந்தது. தினம் வந்து நானே பின்னித் தருகிறேன் என்றார் இவர். கையில் வேலை இருந்தால் உட்காரலாம், உட்கார்ந்தால் சொல்லலாம்.

நேற்று பங்காளி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏழாவது வரிசைல ஒண்ணு விட்டுட்ட."

"எங்க?"

"இந்தா. கண்ணு போச்சா உனக்கு? சரி விடு, என் கணக்குல எழுதிக்கோ."

இவர் கை நின்றது. பங்காளி சாதாரணமாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். இவர் வாயைத் திறந்தார்.

"நாடா பத்தாது போலிருக்கே" என்றுதான் வந்தது.

"நாளைக்கு வாங்கிட்டு வா."

இன்று காலையில் வாங்கியிருந்தார். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போனார். பங்காளி வீட்டில் கூடம் நிறைய ஆட்கள். உட்கார இடமில்லாமல் பலர் நின்றார்கள்; பின்னி முடியாத அந்த நாற்காலியை மட்டும் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருந்தார்கள். குறுக்கே இருபது வரிசை பின்ன வேண்டும். பதினான்கு முடிந்திருக்கிறது.