உதட்டில் படுகிற நாண்

பேரன் பிறந்த பிறகு மரியநேசனுக்குக் கடல் தூரமாகிவிட்டது. அதற்கு முதலே வலது தோள் சொல்வழி கேட்காமல் போய், பெருங்கடலை விட்டு, கரையோரக் களப்பில் இறால் பிடிப்பதும் மற்றவர்களுக்குக் கிழிந்த வலை பொத்திக் கொடுப்பதுமாக இருந்தவர். இப்போது அந்தப் பொத்தலும் தொட்டிலடியில்தான். குழந்தை கொட்டாவி விட்டால் வலையைப் போட்டுவிட்டு எழும்பி வந்து பார்ப்பார். தன்னைக் கண்டு சிரித்ததென்று ரோட்டால் போகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். அது வயிற்றில் காற்று ஓடுகிற சிரிப்பு என்று மனைவி றோஸ்மேரி சொன்னால் முகம் தூக்கிக்கொள்ளுவார்.

இந்தச் சந்தோசத்துக்குள்தான் அந்த மெழுகு வந்து விழுந்தது.

மகளைக் கட்டிய வின்சன் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். பிள்ளைகளுக்கு வில்லுப் பிடித்து அம்பெய்யப் பழக்குகிறவர். வில்லின் நாண் பல நூல் சேர்த்து முறுக்கியது. மெழுகு பூசாவிட்டால் நூல் மயிர் மயிராகக் கிளம்பி, ஒவ்வொன்றாக அறும். கொழும்பிலிருந்து வருகிற மெழுகு முடிந்துபோச்சு, போட்டி கிட்ட வருகுது என்று வின்சன் ஒருநாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து கவலைப்பட்டார். நூலோடேயே வயது போன மரியநேசனுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. தான் காய்ச்சித் தருவதாகச் சொல்லிவிட்டார்.

தேன்மெழுகுக்கு அவர் போனது அப்துல் மஜீத்திடம். மஜீத் பக்கத்து ஊரான தண்ணீரூற்றில் கடை வைத்திருக்கிறவர். காட்டுத்தேன் வாங்கி வடித்து விற்பார். முஸ்லிம்களை வடக்கை விட்டு வெளியேற்றியபோது போய், புத்தளத்தில் அகதியாக வளர்ந்து, சண்டை முடிந்த பிறகு தகப்பனின் பற்றைபிடித்த காணிக்குத் திரும்பி வந்தவர். கடை திறந்தபோது உள்ளே போன முதல் கருவாட்டு மூட்டை மரியநேசனுடையது. அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

மஜீத்தின் மகள் நஸ்மியாவும் அம்பெய்கிற பிள்ளைகளில் ஒருத்தி. பெண்பிள்ளையை மைதானத்துக்கு விட மஜீத்துக்கு முதலில் மனமில்லை. என்ர மருமகன்தான் பழக்கிறார், பிள்ளைக்கு நான் பொறுப்பு என்று மரியநேசன் சொன்ன பிறகுதான் ஓம் என்றார். அந்தப் பிள்ளைதான் இப்போது எல்லாரிலும் திறம். மெழுகென்று கேட்டதும் மஜீத் ஒரு கட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மரியநேசன் அதைத் தகரப் பேணியில் போட்டு, பேணியைக் கொதிநீருக்குள் இறக்கி உருக்கினார். ஒட்டுப் பிடிக்கட்டும் என்று, வள்ளத்து வெடிப்புக்குப் பூசுகிற குங்கிலியத்தைப் பொடித்துப் போட்டார். ஆறினால் கல்லு. நாணில் தேய்க்கப் பொரிந்து உதிர்ந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தார். வெயிலில் வியர்த்து வழிந்தது. அப்போதுதான் குசினி அலுமாரியில் இருந்த போத்தல் கண்ணில் பட்டது. பேரனின் ஞானஸ்நான விருந்துக்கு அடித்த பன்றியின் கொழுப்பை றோஸ்மேரி உருக்கி ஊற்றி வைத்திருந்தா. அதில் கொஞ்சம் விட்டார். மெழுகு பதமாக இறங்கியது. விரலால் அழுத்தினால் இணங்கியது, நூலுக்குள் ஓடிப் பிடித்தது. அவருக்குப் பெரிய புழுகம், சிரிப்பு அடங்கவில்லை.

நஸ்மியாவின் நினைவு அவருக்கு வரவேயில்லை. தின்கிற சாமானா என்ன, நூலுக்குப் பூசுகிற சாமான் தானே.

அடுத்த கிழமை ஒரு பின்னேரம், வின்சன் மறந்து விட்டுப்போன போனைக் கொடுக்க மைதானத்துக்குப் போனார். அம்பெய்வதை அவர் கிட்ட நின்று பார்த்ததில்லை. நஸ்மியா கோட்டில் நின்றாள். வில்லை நிமிர்த்தி நாணை இழுத்து முகத்துக்குக் கொண்டுவந்தாள். நாண் அவளுடைய மூக்கு நுனியில் தொட்டு, உதட்டின் நடுவில் அமர்ந்து, நாடியில் அழுந்தியது. அப்படியே மூச்சுப் பிடித்து நின்று, நாணை விட்டாள். அம்பு இலக்கின் நடு மஞ்சளில் போய்க் குத்தியது. அடுத்த அம்புக்கும் அதே உதடு.

ஏன் வாயில் முட்டுகிறது என்று மரியநேசன் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பட்டால்தான் அம்பும் ஒரே இடத்துக்குப் போகும், உதடுதான் அதுக்கு அடையாளம் என்று வின்சன் விளங்கப்படுத்தினார். அங்கே நஸ்மியா காய்ந்த உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு இன்னொரு அம்பை எடுத்தாள். மரியநேசன் வின்சன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உது நான் காய்ச்சின மெழுகோ?"

"ஓம் மாமா. கொழும்பு மெழுகே தோத்துப்போகும். எல்லாப் பிள்ளையளும் அதைத்தான் பூசுதுகள்."

வீட்டுக்கு வந்துதான் விசயத்தைச் சொன்னார். வின்சன் நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு, சனிக்கிழமை வவுனியாவில் போட்டி, இப்ப சொன்னால் பிள்ளையை அனுப்பமாட்டினம், நாணை நான் சத்தமில்லாமல் மாத்திவிடுறன் என்றார். றோஸ்மேரியும் அதே பக்கம்தான்.

"இஞ்சருங்கோ, தெரியாமல் செய்தது. அந்தப் பிள்ளைக்கும் தெரியாது, தேப்பனுக்கும் தெரியாது. தெரியாததைப் போய்த் தெரியப்பண்ணி ஆருக்கு என்ன வரப்போகுது?"

மரியநேசன் தொட்டிலடிக்குப் போனார். பேரனைத் தூக்கி மடியில் வைத்தார். அவன் தாத்தாவின் விரலைப் பிடித்து நேரே வாய்க்குள் கொண்டுபோனான். பல்லில்லாத முரசால் அதை அழுத்திச் சூப்பினான். இந்த வாயில் ஆராவது ஆகாத ஒன்றைத் தடவிவிட்டு, தடவினவன் என்னோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு இருந்தால்? மரியநேசன் விரலை மெல்ல இழுத்துக்கொண்டார்.

விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு தண்ணீரூற்றுக்குப் போனார். மஜீத் கடையைக் கூட்டிக்கொண்டு நின்றார். வழமைபோலக் கதிரையை இழுத்துப் போட்டார். மரியநேசன் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். போத்தலைச் சொன்னார், கொழுப்பைச் சொன்னார், உதட்டைச் சொன்னார்.

மஜீத் விளக்குமாற்றைச் சுவரில் சாத்தி வைத்தார்.

"மெழுகுக்கு என்னட்ட வந்தனீங்கள். கொழுப்புக்கும் வந்திருக்கலாம்தானே அண்ணை."

"யோசிக்கேல்லை, நானா."

"அதுதான். வேணுமெண்டு செய்திருந்தா நான் சண்டைக்காவது வரலாம். எங்களை யோசிக்காமல் செய்ததுக்கு நான் என்ன செய்யிறது?"

மஜீத் வீட்டுக்குள் போனார். மனைவியோடு தாழ்ந்த குரலில் கதைப்பதும் நஸ்மியாவைக் கூப்பிடுவதும் கேட்டன. பிறகு கிணற்றடியில் தண்ணீர் அள்ளி அள்ளி ஊற்றுகிற சத்தம். மரியநேசன் வாசலில் நின்றார். ஒருவரும் வெளியே வரவில்லை. கடைக்குச் சாமான் வாங்க வந்த ஒருவர், மஜீத் எங்கே என்று அவரிடமே கேட்டார். மரியநேசன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

மறுநாள் முற்றத்தில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. மஜீத் பையோடு இறங்கினார். பையில் புதுத் தேன்மெழுகும், கட்டியாக உறைந்த மாட்டுக் கொழுப்பும் இருந்தன. மௌலவியிடம் கேட்டதாகச் சொன்னார். அறியாமல் பட்டதுக்குக் குற்றமில்லை, கழுவினால் சரி என்றாராம். நஸ்மியா போட்டிக்குப் போவாள் என்றும் சொன்னார். மரியநேசனுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது.

அவர் அடுப்பை மூட்டினார். மஜீத் கதிரையை அடுப்படிக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தார். முந்தியென்றால் சாமானைக் கொடுத்துவிட்டுப் போகிற மனிசன். கிண்டுகிற தடியை மரியநேசன் அவரிடம் நீட்டினார்.

"நீங்களே காய்ச்சுங்கோ," என்றார் மஜீத். "நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

றோஸ்மேரி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தா. பிறகு குடிக்கிறன் என்றார் மஜீத், குடிக்கவில்லை. மகள் குழந்தையைத் தூக்கிவந்து காட்டியபோது அதன் உள்ளங்காலைத் தொட்டு மாஷா அல்லாஹ் என்று மனம்விட்டுச் சிரித்தார். சிரித்த முகத்தோடேயே கண் மட்டும் திரும்பவும் பேணிக்குப் போனது. மரியநேசன் தலையைக் குனிந்துகொண்டு கிண்டினார்.

சனிக்கிழமை மத்தியானம் வவுனியாவிலிருந்து வின்சன் போன் எடுத்தார். நாண் புதுசு, மெழுகு புதுசு, வாப்பா கண்முன்னால் காய்ச்சினது என்று பிள்ளைக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நாணை உதட்டுக்கு ஒரு விரல் இடைவெளியில் நிறுத்திவிட்டாளாம். அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறிப் போயினவாம். முதற் சுற்றோடு வெளியே.

ஞாயிறு பூசை முடிந்து மரியநேசன் கடைக்குப் போனார். நஸ்மியா மேசைக்கு முன்னால் இருந்தபடி தேன் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழும்பினாள்.

"நீங்கள் கவலைப்படாதேங்கோ மாமா," என்றாள். "அது சுத்தமான மெழுகு எண்டு எனக்குத் தெரியும். கிட்டக் கொண்டு வரேக்க முகம் தானா விலகுது. நான் என்ன செய்ய?"

திங்கட்கிழமை பழகப் போவியோ என்று கேட்டார். அவள் தகப்பனைப் பார்த்தாள். மஜீத் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், போகட்டும் என்றார். கொஞ்சம் பொறுத்து, இனி மெழுகை நான் இஞ்ச கடையிலயே காய்ச்சிக் குடுத்துவிடுறன், உங்களுக்கு ஏன் கரைச்சல் என்றார். குரலில் கோபம் இல்லை.

அது சரி நானா என்றார் மரியநேசன். எவ்வளவு மெழுகுக்கு எவ்வளவு குங்கிலியம் என்று சொல்லிக் கொடுத்தார். மஜீத் கவனமாகக் கேட்டு, ஒருக்கால் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு மரியநேசன் போட்டு வாறன் என்று விடைபெற்றுச் சைக்கிளை எடுத்தார்.